அண்ணாச்சி ஏன் சூப்பர் மார்க்கெட் வரிசையில் நின்றார்?

போன ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் பில் போட நின்றுகொண்டிருந்தேன். எனக்கு இரண்டு பேருக்கு முன்னால் எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சி. அவருடைய தள்ளுவண்டியில் வேறு எதுவும் இல்லை, ஒரே கம்பெனியின் சலவைத்தூள் பாக்கெட்டுகள் மட்டும் இருபதோ இருபத்தைந்தோ அடுக்கியிருந்தன. என்னைப் பார்த்ததும் முதலில் கொஞ்சம் தயங்கினார். அப்புறம் அவராகவே சொன்னார்: "ஏஜென்சில எனக்குப் போடுற ரேட்டவிட இங்க நாலு ரூவா கம்மி தம்பி. இதை அப்படியே கொண்டுபோய்க் கடையில வச்சாலே எனக்கு லாபம்தான்."

அவர் மட்டுமல்ல, இந்த ஊரில் பல சிறு கடைக்காரர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். ஆஃபர் போடும் நாள் பார்த்து, போட்டிக்காரனின் கடைக்கே போய்ச் சரக்கு எடுத்து வருகிறார்கள். சிறு கடையும் பெருநிறுவனக் கடையும் மோதும் கதையில் நான் எப்போதும் முதலில் எடுத்துக்கொள்வது இந்தக் காட்சியைத்தான். ஏசி, பளிச்சென்ற வெளிச்சம், தானே எடுத்துக்கொள்ளும் வசதி, இலவச பார்க்கிங் என்று மற்றக் காரணங்களை நாம் நிறையப் பேசியாகிவிட்டது. ஆனால் சண்டை கல்லாப்பெட்டிக்கு முன்னால் நடக்கவில்லை. கடைக்குப் பின்னால், சரக்கு வந்து இறங்கும் இடத்தில் நடக்கிறது. விற்பதில் அண்ணாச்சி கெட்டிக்காரர். வாங்கும் இடத்தில்தான் அவர் தோற்கிறார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பொருளின் எம்ஆர்பி 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி அதை விநியோகஸ்தருக்கு, அதாவது ஏஜென்சிக்குக் கொடுக்கும். ஏஜென்சி தன் நாலைந்து ரூபாயை வைத்துக்கொண்டு சிறு கடைக்கு 90 ரூபாய்க்குப் போடும். கடைக்காரருக்கு மிஞ்சுவது 10 ரூபாய். கடை வாடகை, கரண்ட் பில், பையன் சம்பளம், எலி கடித்த பாக்கெட், எக்ஸ்பைரி ஆனது எல்லாம் அதற்குள்தான். பெரிய நிறுவனம் அதே பொருளைக் கம்பெனியிடமிருந்து நேரடியாக எடுக்கிறது. ஏஜென்சி கமிஷன் அங்கே மிச்சம். லாரி லாரியாக எடுப்பதால் தனித் தள்ளுபடி. கண் மட்டத்து அலமாரியில் வரிசையாக அடுக்குவதற்கு, வாசலில் கோபுரம்போல் குவித்து வைப்பதற்கு, விளம்பரத் தாளில் படம் போடுவதற்கு எல்லாம் கம்பெனியே தனியாகப் பணம் கொடுக்கும். எல்லாம் கழித்தால் பொருள் 80 ரூபாய்க்கு வந்து விழுகிறது. அதை 88-க்கு விற்றாலும் அவர்களுக்கு 8 ரூபாய் லாபம். அவர்கள் விற்கும் விலையே அண்ணாச்சி வாங்கும் விலையைவிடக் குறைவு. நான் இங்கே போட்டவை புரிவதற்காகப் போட்ட எண்கள், பொருளுக்குப் பொருள் மாறும். ஆனால் கணக்கின் அமைப்பு இதுதான்.

எம்ஆர்பி என்ற ஏற்பாடும் இதற்கு ஒரு காரணம். அச்சிட்ட விலைக்கு மேல் யாரும் விற்கக்கூடாது என்பது நுகர்வோருக்கான பாதுகாப்பு, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அது உச்சவரம்பு மட்டும்தான். கம்பெனி யாருக்கு என்ன விலைக்குக் கொடுக்கிறது என்பதற்கு வரம்பு ஏதும் கிடையாது. மேலே மூடி இருக்கிறது, அடியில் தரை இல்லை.

சரி, இவ்வளவு வித்தியாசம் இருந்தும் தெருவுக்கு ஒரு மளிகைக் கடை எப்படி இன்னும் திறந்திருக்கிறது? நாட்டின் மளிகை வியாபாரத்தில் பெரும்பங்கு இன்றும் சிறு கடைகளின் கையில்தானே இருக்கிறது?

முதல் காரணம் கணக்கு நோட்டு. எங்கள் அண்ணாச்சியிடம் நீளவாக்கில் மடித்த நோட்டுகள் முப்பதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு வீடு. வீட்டு வேலை செய்கிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள். சம்பளம் வாங்கியதும் பாதியைக் கொடுத்து மீதியைப் பாக்கி சொல்வார்கள். பேன் கார்டு, சம்பளச் சீட்டு, சிபில் ஸ்கோர் எதுவும் கேட்காமல் ஒரு குடும்பத்துக்கு மாதம் மூவாயிரம், நாலாயிரம் ரூபாய்க் கடனை வட்டியில்லாமல் கொடுக்கும் அமைப்பு இந்த நாட்டில் வேறு எது? பெருநிறுவனத்தால் இதைச் செய்ய முடியாது. அங்கே கல்லாவில் இருப்பவருக்கு யாரையும் நம்பும் அதிகாரம் கிடையாது.

இரண்டாவது, சின்ன அளவு. ஐந்து ரூபாய்க்குக் காபித்தூள், இருபது ரூபாய்க்குத் துவரம்பருப்பு, ஒரு வேளைக் குழம்புக்கு மட்டும் புளி. அன்றன்றைக்குக் கூலி வாங்கும் வீட்டுக்கு மாத மளிகை லிஸ்ட் என்று ஒன்று கிடையாது. ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனையை நம் ஊரில் வளர்த்தவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்புவோடு தொடங்கியதுதான் இன்றைய கெவின்கேர். அந்தச் சின்னப் பாக்கெட் பரவியது பெட்டிக்கடை வாசலில் தொங்கிய சரங்களால்தான். இன்று பெரிய பெரிய கம்பெனிகள் கிராமம் வரை போய்ச் சேர்ந்ததற்கு அந்தச் சரத்தைத் தொங்கவிட்ட கடைக்காரருக்கு ஒரு பங்கு உண்டு. அதே கம்பெனிகள் இன்று அவரை நடத்தும் விதத்தைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுக்கவில்லை.

மூன்றாவது, சரக்கு பற்றிய அறிவு. போன வாரம் ஒரு பெண் அரிசி கேட்டார். அண்ணாச்சி மூட்டையிலிருந்து நாலு அரிசியை எடுத்து, நகத்தால் கிள்ளிக் காட்டிச் சொன்னார்: "இது புது அரிசிக்கா, குழைஞ்சிரும். பொங்கலுக்குன்னா எடுத்துக்கோங்க. சாப்பாட்டுக்குன்னா நாளைக்கு வாங்க, பழசு வருது." கையில் வந்த வியாபாரத்தை ஒரு நாள் தள்ளிப்போட்டு அந்த வீட்டை இன்னும் பத்து வருஷத்துக்குத் தக்கவைத்துக்கொண்டார். போகும்போது கொசுறாக ஒரு கொத்துக் கறிவேப்பிலை.

நான்காவது ஒன்று இருக்கிறது. சிறு கடையின் பலம் என்று பலரும் இதைப் பெருமையாக எழுதுவார்கள். செலவு குறைவு, குடும்பமே உழைக்கிறது, காலை நாலரைக்குப் பால் இறக்குவதிலிருந்து ராத்திரி பத்தரைக்கு ஷட்டர் இழுப்பது வரை ஆள் கூலி இல்லை என்று. இதைப் பலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது யாருக்கும் கொடுக்கப்படாத சம்பளம். அண்ணாச்சியின் மனைவி மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை கல்லாவில் உட்காருகிறார், அவர் பெயரில் ஒரு ரூபாய்கூடக் கணக்கில் எழுதப்படுவதில்லை. 90-க்கு வாங்கி 88 ரூபாய்க் கடையோடு போட்டி போடும் அந்த இடைவெளியை அவருடைய தூக்கமும் இடுப்பு வலியும் நிரப்புகின்றன. பிள்ளைகள் கடைக்கு வர மறுப்பதற்கும் இதுதான் காரணம். அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

இந்தக் கடைகள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். அண்ணாச்சி என்ற சொல்லே தெற்கிலிருந்து வந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த நாடார் வணிகர்கள்தான் சென்னையின் மளிகைக் கடைகளில் பெரும்பகுதியைத் தொடங்கினார்கள். அவர்கள் தனித்தனியாக முட்டி மோதி மேலே வந்தவர்கள் அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் போன்ற ஊர்களில் உறவின்முறை என்ற அமைப்பு, அதாவது ஊர்தோறும் இருந்த சமூகச் சங்கம், வலுவாக இருந்தது. வண்டிமாடும் சரக்கும் பத்திரமாகத் தங்கப் பொதுவில் பேட்டை கட்டினார்கள். விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் சிறு தொகையை மகமை என்று எடுத்துவைத்தார்கள். மகமைப் பணமும் வீட்டுக்கு வீடு ஒதுக்கிய பிடி அரிசியும் பள்ளிக்கூடங்களை நடத்தின. விருதுநகரில் காமராஜர் படித்த க்ஷத்ரிய வித்யாசாலை அப்படி வளர்ந்த பள்ளிதான். 1921-ல் தூத்துக்குடியில் தங்களுக்கென்று நாடார் வங்கியைத் தொடங்கினார்கள். 1962-ல் பெயர் மாறிய அந்த வங்கியைத்தான் இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்கிறோம்.

சென்னைக்கு வந்த பிறகும் அதே முறை தொடர்ந்தது. ஊரிலிருந்து வந்த பையன் சித்தப்பா கடையில் பொட்டலம் மடித்து, அங்கேயே சாப்பிட்டு, மூட்டைகளுக்கு நடுவில் படுத்துத் தூங்குவான். சம்பளத்தில் பெரும்பகுதியைப் பையன் கையில் கொடுக்காமல் முதலாளியே சேர்த்துவைப்பார். சில வருஷம் கழித்து அந்தப் பணத்தோடு, மண்டியில் தன் பெயரைச் சொல்லிக் கடன் சரக்கும் வாங்கிக்கொடுத்து, அடுத்த ஏரியாவில் தனிக்கடை வைத்துக்கொடுப்பார். இதில் கஷ்டப்பட்ட பையன்களும் உண்டு, எல்லா முதலாளியும் நேர்மையானவர் இல்லை. ஆனாலும் வெளியே சின்னச் சின்னக் கடையாகத் தெரிந்தது, உள்ளே கடனாலும் கொள்முதலாலும் பயிற்சியாலும் இணைந்திருந்த ஒரு வலைப்பின்னல். அதை மறந்துவிட்டுத்தான் இன்று சிறு கடை என்றால் தன்னந்தனியாக நிற்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த வலை இருந்தபோது பெருநிறுவனங்களால் எளிதில் உள்ளே வர முடியவில்லை. 1996-ல் சென்னையில் ஃபுட்வேர்ல்டு சூப்பர் மார்க்கெட் திறந்தது. அடுத்த வருஷம் திருவான்மியூரில் சுபிக்ஷா. ஏசி கிடையாது, அலங்காரம் கிடையாது, மலிவு விலை மட்டும்தான் என்று வந்த கடை அது. அண்ணாச்சிகளை உண்மையிலேயே கலங்கடித்ததும் அதுதான். 2008-ல் நாடு முழுக்க சுமார் 1,600 கடை. 2009 தொடக்கத்தில் கையில் பணமில்லாமல் எல்லாம் மூடிவிட்டன. கடன் வாங்கி, வாடகை இடங்களில், லாபம் வருவதற்கு முன்பே விரிந்துகொண்டே போனதன் விளைவு. டிமார்ட் இதற்கு நேர்மாறு. இடத்தைப் பெரும்பாலும் சொந்தமாக வாங்கித்தான் கடை திறக்கும், சரக்குக்கான பணத்தைச் சீக்கிரம் கொடுத்து அதற்கு ஈடாக விலையைக் குறைத்து வாங்கும். பாருங்கள், அங்கேயும் ரகசியம் கொள்முதலில்தான் இருக்கிறது.

அரசியல் களத்தில் நடந்தது வேறு. 2012 செப்டம்பரில் பல பிராண்டு சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தது, முடிவை மாநிலங்களிடம் விட்டது. தமிழக அரசு அப்போது மறுத்துவிட்டது. வணிகர் சங்கங்களுக்கு அது பெரிய வெற்றி. ஆனால் உள்நாட்டுப் பெருநிறுவனங்களுக்கு எந்தத் தடையும் இல்லை, ஆன்லைன் சந்தைகளுக்கோ வழி வேறு பக்கம் திறந்தே இருந்தது. வாசலைப் பூட்டினோம், கொல்லைப்புறத்தை விட்டுவிட்டோம்.

அந்த வழியாக வந்ததுதான் பத்து நிமிட டெலிவரி. பிளிங்கிட், இன்ஸ்டாமார்ட், செப்டோ ஆகியவை வந்ததும் ஒரு பழைய கணக்கு கலைந்துவிட்டது. இதுவரை மாத மளிகைக்குச் சூப்பர் மார்க்கெட், அவசரத்துக்கு அண்ணாச்சி என்று ஒரு சொல்லாத ஒப்பந்தம் இருந்தது. குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பெருங்காயம் வாங்க ஓடுகிறவர்கள் அண்ணாச்சியிடம்தான் ஓடினார்கள். அந்த அவசரத்தையே இப்போது போன் எடுத்துக்கொண்டுவிட்டது. இதில் அதிகம் அடிபடுவது நடுத்தர வர்க்கக் குடியிருப்புகளின் கடைகள். விலை கேட்காமல் வாங்கிப்போகும் வாடிக்கையாளர்கள் அங்கேதான் இருந்தார்கள், கடைக்காரருக்கு நல்ல லாபம் கிடைத்ததும் அவர்களிடம்தான். கணக்கு நோட்டு வீடுகள் மிஞ்சுகின்றன. நோட்டில் பாக்கி ஏறுகிறது, கல்லாவில் ரொக்கம் குறைகிறது.

விநியோகஸ்தர்கள் இதைக் கடைக்காரர்களுக்கு முன்பே உணர்ந்துவிட்டார்கள். மொத்தக் கொள்முதல் ஆப்களுக்கு ஒரு விலை, எங்களுக்கு ஒரு விலையா என்று கேட்டு 2022 ஜனவரியில் மகாராஷ்டிராவில் கோல்கேட்டின் சில சரக்குகளை எடுக்க மறுத்தார்கள். அவர்களுடைய அகில இந்தியக் கூட்டமைப்பு 2024 அக்டோபரில் பத்து நிமிட டெலிவரி நிறுவனங்கள் மீது, வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று கவனிக்கும் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. அடக்க விலைக்கும் கீழே விற்றுச் சந்தையைப் பிடிக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. இங்கேதான் சட்டத்தின் ஓட்டை தெரிகிறது. நம் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டப்படி இது குற்றமாக வேண்டுமென்றால், அப்படி விற்கும் நிறுவனம் சந்தையில் ஆதிக்க நிலையில் இருக்கிறது என்று முதலில் நிரூபிக்க வேண்டும். மூன்று நிறுவனங்கள் ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டு ஆளுக்கொரு பங்கை வைத்திருந்தால் யாருமே ஆதிக்க நிலையில் இல்லை என்று வாதிடலாம். அதற்குள் தெருக்கடை மூடிவிடும்.

அமெரிக்காவில் இதே பிரச்சினை 1930-களிலேயே வந்தது. ஏ அண்ட் பி என்ற மளிகைக் கடைச் சங்கிலி கம்பெனிகளை மிரட்டித் தனி விலை வாங்குகிறது என்ற புகார் பெருகி, 1936-ல் ராபின்சன்–பேட்மேன் சட்டம் வந்தது. போட்டியில் இருக்கும் இரண்டு கடைகளுக்கு ஒரே சரக்கை நியாயமான காரணம் இல்லாமல் வேறுவேறு விலைக்கு விற்கக்கூடாது என்பது அதன் சாரம். 1980-களுக்குப் பிறகு அரசு அந்தச் சட்டத்தைத் தூக்கிப் பரணில் போட்டது. 2024 டிசம்பரில்தான் மறுபடி எடுத்து ஒரு மதுபான விநியோக நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள். இப்படி ஒரு சட்டம் நமக்கும் வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். அளவுக்கு ஏற்ற தள்ளுபடி இருக்கட்டும். லாரி மிச்சம், கமிஷன் மிச்சம் என்றால் அந்த மிச்சத்தின் அளவுக்கு இருக்கட்டும். அதற்கு மேல் கொடுப்பது மிரட்டலுக்குக் கொடுக்கும் விலை.

கடைக்காரர்களிடம் பலமே இல்லையா என்றால், இருக்கிறது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்கமாட்டோம் என்று தமிழக வணிகர் சங்கங்கள் அறிவித்தன. விருதுநகரில் 1916-ல் தொடங்கிய காளிமார்க்கின் பொவொண்டோ குளிர்பானத்துக்கு மூலைக்கு மூலை கேட்பு வந்தது. அலமாரியைச் சேர்ந்து மூடினால் உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளும் திரும்பிப் பார்க்கும் என்று அந்தச் சில மாதங்கள் காட்டின. ஆனால் கடை கடையாக, ஃபிரிட்ஜ் ஃபிரிட்ஜாகக் கோக்கும் பெப்சியும் திரும்பி வந்துவிட்டன. சேர்ந்து மறுக்கத் தெரிந்தவர்கள் சேர்ந்து வாங்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளவில்லை.

சேர்ந்து வாங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு ஜெர்மனியைப் பார்க்கலாம். 1898-ல் பெர்லினில் சில மளிகைக் கடைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு கொள்முதல் கூட்டுறவைத் தொடங்கினார்கள். எடேக்கா என்ற பெயர் அந்தக் கூட்டுறவின் முதலெழுத்துகளிலிருந்து வந்தது. இன்று அதுதான் ஜெர்மனியின் மிகப் பெரிய மளிகைக் குழுமம், அதன் கடைகளில் பெரும்பாலானவற்றை இன்றும் தனி வணிகர்கள்தான் நடத்துகிறார்கள். வெளியே பெயர்ப்பலகை ஒன்று, உள்ளே கடை அவரவருடையது, சரக்கு மட்டும் சேர்ந்து வாங்குவது. 1997-ல் ஜெர்மனிக்குள் வந்த வால்மார்ட் 2006-ல் கடைகளை விற்றுவிட்டுப் போனது. அதற்கு மலிவு விலைக் கடைகளின் போட்டி, தொழிலாளர்களோடு வந்த உரசல் என்று வேறு காரணங்களும் உண்டு, எல்லாப் புகழையும் எடேக்காவுக்குக் கொடுக்க முடியாது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: அவ்வளவு பெரிதான பிறகு எடேக்காவே சரக்கு கொடுப்பவர்களை நெருக்குகிறது என்ற புகார் அங்கே உண்டு.

நமக்கு இது அந்நியமான யோசனை இல்லை. நாட்டின் முன்னோடி நுகர்வோர் கூட்டுறவுகளில் ஒன்று 1904-ல் நம் திருவல்லிக்கேணியில்தான் தொடங்கியது. ஆனால் அது வாங்குகிறவர்களின் கூட்டுறவு. விற்கிறவர்களின் கூட்டுறவாக மகமையும் பேட்டையும் இருந்தன. அது ஒரு சமூகத்தின் எல்லைக்குள் நின்றது. இன்று ஒரே தெருவில் நாடார் கடை, முஸ்லிம் கடை, ராஜஸ்தானிலிருந்து வந்தவர் கடை என்று எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரே ஏஜென்சியிடம், ஒரே 90 ரூபாய்க்குத்தான் மூவரும் வாங்குகிறார்கள். சாதி உறவை நம்பாமல் சட்டப்படி எழுதிக்கொண்ட ஒரு கூட்டு அவர்களுக்கு வேண்டும்.

சலவைத்தூள் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அண்ணாச்சியிடம் இதைப்பற்றி அடிக்கடி பேசுவேன். அரிசியில் ஒரு வழி பிடித்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஆறு கடைக்காரர்கள் சேர்ந்து, புரோக்கர் இல்லாமல் ஆரணி மில்லிலிருந்து நேராக ஒரு லோடு இறக்குகிறார்கள். எல்லாம் 26 கிலோ மூட்டை. 25 கிலோ வரைக்கும் பாக்கெட் அரிசிக்கு 2022-ல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து மில்கள் ஒரு கிலோவைக் கூட்டிக் கட்டுகின்றன. விடியற்காலை ஐந்து மணிக்கு லாரி வந்து நிற்கும். ஒரு பள்ளிக்கூட நோட்டில் ஆறு பத்திகள் போட்டு மூட்டைகளைப் பிரித்துக்கொள்வார்கள். மூட்டைக்கு முப்பது, நாற்பது ரூபாய் மிச்சம் என்றார்.

சோப்பிலும் சலவைத்தூளிலும் அதையே செய்யலாமே என்று கேட்டேன். கேட்டுப் பார்த்துவிட்டாராம். கடைக்குக் கடை தனித்தனி பில்தான் போட முடியும், ஆறு கடைக்கும் சேர்த்து ஒரு பில், ஒரு ரேட் என்பதெல்லாம் முடியாது, ஒரே பெயரில் ஜிஎஸ்டி நம்பர் இருந்தால் வாருங்கள் என்று ஏஜென்சியில் சொல்லியிருக்கிறார்கள். "அப்ப ஒரே பேர்ல வாங்கிருவோம்னு சொல்லிட்டு வந்துட்டேன் தம்பி" என்றார். வருகிற வெள்ளிக்கிழமை மத்தியானம், வீட்டம்மா கல்லாவில் உட்காரும் நேரமாகப் பார்த்து, ஆறு பேரும் ஆடிட்டர் ஆபீசுக்குப் போகிறார்கள். கூட்டுக்கு என்ன பெயர் வைப்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.